அம்மா பேர் கொடுத்த சனிக்கிழமைகள்

என் வயதுக்காரிகளே, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கப்போகிறவர்களே, முதலில் உங்களைச் சிரிக்க வைத்துவிடுகிறேன். பின்னால் சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

போன வருஷம் ஜெர்மனியில் மகள் வீட்டில் போய் இருந்தேன் அல்லவா? அங்கே ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை, கையில் ஓர் எலுமிச்சம்பழம் சகிதமாகப் போதகர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பழம் என்றால் நம் ஊர்ப் பழம் இல்லை. கோழி முட்டையை விடப் பெரிசு, மஞ்சள் மினுங்கும், மணமே கிடையாது. மகள் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"எதுக்கும்மா இப்ப அவங்க வூட்டுக்கு? நாளைக்கு நேரா கோயிலுக்குப் போனாப் போதும்மா."

"நாளைக்கு ராப்போஜனம்னு நீதானடி படிச்சுச் சொன்ன? பேர் கொடுக்காம எப்படிப் போறது?"

"இங்க அதெல்லாம் கிடையாதும்மா."

"லுத்தரன் கோயில்தானே? அப்ப இருக்கும். நீ பேசாம வா."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உங்கள் பேத்திகள் படித்தால் புரியவேண்டுமே. ராப்போஜனம் என்பது அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அதற்கு முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பேர் கொடுக்கவேண்டும். யாரோடாவது சண்டையா, மனசில் ஏதாவது கிடக்கிறதா, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு வந்து, "நாளைக்கு நானும் வரேன்" என்று வாயால் சொல்லவேண்டும். பேர் கொடுக்காதவர்கள் மறுநாள் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த ஊர்ப் போதகர் ஒரு பெண். என் மகளை விடச் சின்னவள். கத்தரித்த தலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கும்பிட்டுப் பழத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், டீயில் பிழிந்துகொள்வதாகச் சொன்னாள். என்னத்தைச் சொல்ல! மகள் விஷயத்தை விளக்கினாள். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. பேரெல்லாம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாள்.

யார் வேண்டுமானாலும்!

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம். அந்தக் குளிரிலும் காது இரண்டும் சுட்டது. யார் வேண்டுமானாலும் வரலாமாம், இவ்வளவு லேசாம். அப்படியென்றால் என் அம்மா என்ன பாவம் செய்தாள்?

நீங்கள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள், "டீச்சர், நீங்க ஏன் ராப்போஜனத்துக்கு எழுந்திரிக்கிறதே இல்ல?" என்று. முட்டிவலி என்றேன், தலைசுற்றல் என்றேன், ஒருமுறை வயிற்றுப்போக்கு என்றுகூடச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் எழுந்து போவீர்கள். நான் உங்கள் கைப்பைகளுக்குக் காவல் இருப்பேன். பொய் சொல்வதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அரியலூரிலிருந்து குன்னம் போகிற வழியில் எங்கள் ஊர். மானாவாரிக் கரிசல், பருத்தி, வெங்காயம். வெங்காயம் எடுத்து, மண்ணை விட்டு உயர்த்திக் கட்டின பட்டறைகளில் கொட்டிவைப்பார்கள். காற்று அடித்தால் ஊரே வெங்காயமாக மணக்கும். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற பாவாடையில்கூட அந்த வாடைதான். ஓடைக்கரையில் தோண்டினால் சுருண்ட சங்கு மாதிரிக் கற்கள் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று அப்பா சொல்வார். நான் பொறுக்கிக்கொண்டு வருவேன், அம்மா "வூட்டுல மனுசங்க இருக்கவா, கல்லு இருக்கவா?" என்று வெளியே எறிவாள். ஒன்றை மட்டும், உள்ளங்கை அளவு இருந்த ஒன்றை, சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் வைத்துக்கொள்ள விட்டாள்.

அப்பா அந்த ஊர் உபதேசியார். நாங்கள் ஐயர் என்று சொல்கிற போதகர் பெரம்பலூரில் இருந்தார். அவருக்குக் கீழே எத்தனையோ சிற்றூர்ச் சபைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்து ராப்போஜனம் கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை, கோயில் மணி, பிள்ளைகளுக்கு வேதபாடம், சாவு, கல்யாணம் எல்லாம் அப்பாதான். நாங்கள் குடியிருந்த ஓட்டுவீடும் சபை கொடுத்தது. சபையார் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஊரில் வேறு எங்கேயும் அவர்களை உட்காரச் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்குள் வந்தால் பெஞ்சு உண்டு, அவர்கள் பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிடுவார். அதனால் அந்தச் சனிக்கிழமைப் பேர் கொடுப்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அப்பா கோயில் வராந்தாவில் முக்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொருவராக வந்து பேரைச் சொல்வார்கள். அப்பா தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்து, "சேத்தாச்சு, போயிட்டு வாங்க" என்பார். எல்லாப் பேரும் மனசில் நிற்கும். மறுநாள் ஐயரிடம் அப்படியே ஒப்பிப்பார். அம்மாவும் மற்றப் பெண்களைப் போலத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் வருவாள். வீட்டில் "என்னங்க" என்று கூப்பிடுகிறவள் அங்கே "உபதேசியாரே" என்பாள். தன் பேரைச் சொல்லிவிட்டுக் கண்ணால் சிரிப்பாள். அப்பா சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார். இதைப் பார்க்கவே நான் வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

மறுநாள் அம்மா வெள்ளைச் சேலை கட்டுவாள். ராப்போஜனத்துக்கென்றே வைத்திருந்த சேலை, மெல்லிய நீலக் கரை. டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பாள். எனக்கு இன்றைக்கும் அந்துருண்டை வாசம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

அந்த வருஷம் பங்குனியில் எனக்கு அம்மை போட்டது.

உடம்பெல்லாம் முத்து. கண் இமையில், நாக்கில்கூட. வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் என்னைக் கிடத்தினார்கள். வாசலிலும் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு நின்றுபோனது. "வேப்பிலை மருந்துதான்" என்று அப்பா சபையாரிடம் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள், அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். மாரியம்மன் பேரை மட்டும் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் இதே அம்மையில்தான் போனான். அப்போது அப்பா முழங்காலிலேயே இருந்தாராம், வீட்டில் ஜெபக்கூட்டம் ஓயவே இல்லையாம். அப்படியும் பிள்ளை நிற்கவில்லை.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் நான் பார்த்தது இது. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா உள்ளே வந்தார். மஞ்சள் தோய்த்த துணிக்கிழிசல் ஒன்றை மடியிலிருந்து எடுத்தார். அதில் காசு ஒன்றை வைத்து முடிந்தார். முடிச்சை நெற்றியில் ஒற்றிக்கொண்டார், உதடு அசைந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன், ஆனால் கடைசியில் ஆமென் வரவில்லை. பிறகு மாடத்தில் இருந்த என் சங்குக்கல்லைத் தூக்கி, அதற்கு அடியில் அந்த மஞ்சள் முடிச்சை வைத்தார். அவர் அழுவதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எழுந்து உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னேன், அப்பா மாடத்தில் காசு முடிந்து வைத்தார் என்று. அம்மா என் வாயைப் பொத்தினாள். "காய்ச்சல்ல கண்ட கனவுடி அது. யாருகிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்க." கனவு என்றே நானும் நம்பினேன். போய் மாடத்தைப் பார்த்தேன். கல் இருந்தது, அடியில் ஒன்றும் இல்லை.

அம்மா பிறந்த வீடு கிறிஸ்தவ வீடு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தவள். அவளுடைய அக்கா, என் பெரியம்மா, ஆண்டிமடத்தில் முந்திரிக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் தேறின செய்தி கேட்டு மடி நிறைய முந்திரிப்பழத்தோடு வந்தாள். அவளும் அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் மெதுவாகப் பேசினார்கள். நான் பழத்தைக் கடித்துச் சாற்றைச் சட்டையெல்லாம் ஒழுக விட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்தேன். காதில் விழுந்தது கொஞ்சம்தான்.

"நேந்துகிட்டத வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது மாப்ள. புள்ளைக்கு ஆகாது," என்றாள் பெரியம்மா.



"அவங்க போக முடியாதுக்கா," என்றாள் அம்மா. "நான் போறேன்."

மறுநாள் அம்மா அரிசியை ஊறவைத்து இடித்தாள். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்தாள். நான் விரலை நீட்ட, "எச்சி பண்ணாதடி" என்று கையைத் தட்டிவிட்டாள். அப்பா வெளியே சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின சைக்கிளையே திரும்பவும் கழுவினார். அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தட்டை முந்தானையால் மூடித்தான் போனாள். ஆனால் விளக்கு ஏற்றும்போது முந்தானையை எடுக்கத்தானே வேண்டும்? வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு வண்டியில் திரும்பிவந்த சபைப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டார்.

ஐயர் வந்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால், கோயில் வராந்தாவில் விசாரணை. ஐயரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வெள்ளை அங்கி, கறுப்புக் குடை, பையில் பிள்ளைகளுக்கு எப்போதும் பெப்பர்மிண்ட். குரலை உயர்த்தவே மாட்டார்.

"மாவிளக்கு போட்டியாம்மா?"

"போட்டேங்க."

"யாரு நேந்துகிட்டது?"

அம்மா அப்பாவை ஒரு முறை பார்த்தாள். அப்பா கையில் ஐயரின் குடை இருந்தது. அவர் அதை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"நாந்தாங்க ஐயரே," என்றாள் அம்மா.

ஐயர் முகம் வாடிப்போனது. நிஜமாகவே வருத்தப்பட்டார். "அங்க விளக்கு ஏத்தின கையில இங்க அப்பத்த எப்படிம்மா குடுக்கிறது? சபை முன்னால மண்டி போட்டு, நான் நேந்துகிட்டது தப்புதான்னு சொல்லு. அன்னிக்கே சேத்துக்கறேன்." அதுவரைக்கும் அம்மாவுக்கு ராப்போஜனம் இல்லை என்று தீர்ப்பு. பெரியவரும் தலையாட்டினார். பிறத்தியார் வீட்டிலிருந்து வந்தவள்தானே, பழைய புத்தி போகுமா என்று பெண்கள் பக்கத்தில் முணுமுணுத்தார்கள். அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்கள்.

அதற்கடுத்த மாதம், அந்தச் சனிக்கிழமை. வரிசை முடிந்துவிட்டது என்று அப்பா முக்காலியை எடுக்கப்போனார். அம்மா வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு, எல்லோரையும் போல.

"உபதேசியாரே," என்றாள். தன் பேரைச் சொன்னாள்.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "இந்த மாசம் இல்ல," என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் இதே கூத்து. வருவாள், பேரைச் சொல்வாள், "இந்த மாசம் இல்ல" என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவாள். "உபதேசியார் பொண்டாட்டிக்கு என்ன திமிர் பாரேன்" என்று ஊர் பேசியது. எனக்கும் வெட்கமாக இருந்தது. தெரிந்தே எதற்குப் போய் நிற்கிறாள்? இப்போது நினைத்தால், அம்மா கேட்டது ஐயரிடம் அல்ல. முக்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் மாதாமாதம் போய்க் கேட்டிருக்கிறாள். ஒரு நாளாவது அவர் நிமிர்ந்து பார்ப்பாரா என்று.

ஒருநாள் அடுப்படியில் அப்பா கெஞ்சினார். "ஒரு வார்த்தைதான். மண்டி போட்டுச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"வராந்தாவுல சொன்னேன், அது மனுசங்ககிட்ட. வூடு போயிடும், வேலை போயிடும், புள்ளய வச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கணுமேன்னு பயந்துதான் சொன்னேன். பலிபீடத்துக்கு முன்னால மண்டி போட்டு ஆண்டவர்கிட்டயும் அதே பொய்யச் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா. அப்பா சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். என்ன பொய் என்று எனக்குப் புரியவில்லை. மாவிளக்கு நிஜம்தானே, அம்மா இடித்த மாவைத்தானே நான் தொடப்போனேன்? பெரியவர்கள் சண்டை என்று விட்டுவிட்டேன்.

ராப்போஜன ஞாயிறுகளிலும் அம்மா வெள்ளைச் சேலை கட்டுவதை நிறுத்தவில்லை. பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். மற்றவர்கள் எழுந்து போகும்போது கைப்பிள்ளைகளை அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். திமிர் என்று திட்டினவளும்தான் போட்டுவிட்டுப் போவாள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. அம்மா எல்லாவற்றையும் தட்டிக்கொடுத்துக்கொண்டு பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து தங்கள் பிள்ளைகளை வாங்கிக்கொள்வார்கள். ஒருவருக்காவது வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். சோறு ஏறவில்லை. கட்டிலோடு ஒட்டிப்போனாள். நான் கல்சங்கு ஒன்று புதிதாகக் கொண்டுவந்து காட்டினேன். "எறியாம வச்சுக்கறேன், போ," என்றாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அந்த மாதச் சனிக்கிழமை மழை என்பதால் வராந்தா இல்லை, எங்கள் வீட்டு முன்னறையிலேயே அப்பா உட்கார்ந்தார். சபையார் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் போனதும் உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"உபதேசியாரே."

அப்பா எழுந்து உள்ளே வந்தார். நான் கட்டில் காலடியில் இருந்தேன். அம்மா முந்தானையைத் தூக்கித் தலையில் போடப் பார்த்தாள், கை வரவில்லை. நான் போட்டுவிட்டேன். தன் பேரைச் சொன்னாள்.

அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"சேத்தாச்சு," என்றார். "நாளைக்கு வரைக்கும் வேணாம், இப்பவே போயி ஐயரக் கூட்டியாரேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ இரு."

அம்மா சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். குடையைக்கூட எடுக்காமல் அப்பா பஸ்ஸுக்கு ஓடினார். பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பும்போது ஓடையில் வெள்ளம், பஸ் எல்லாம் நின்றுவிட்டது. அப்பாவும் ஐயரும் வழியில் மாட்டிக்கொண்டார்கள்.

விடிந்ததும் அம்மா கேட்டாள், "மணி அடிச்சாச்சா?" இன்னும் இல்லை என்றேன். அப்பா இல்லாமல் யார் அடிப்பார்கள்? "வெள்ளைச் சேலைய எடு," என்றாள். பெட்டியைத் திறந்து எடுத்துவந்தேன். அதை மேலே போர்த்திவிடச் சொன்னாள். அந்துருண்டை வாசம் அறையெல்லாம் பரவியது. நான் கரையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். எனக்குத் தெரியக்கூட இல்லை. தூங்குகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவும் ஐயரும் இடுப்புக்குக் கீழே சேறாக வந்து சேர்ந்தார்கள். ஐயர் கையில் சின்னக் கறுப்புப் பெட்டி. நோயாளிகளுக்கு ராப்போஜனம் கொண்டுவருகிற பெட்டி அது, உள்ளே சின்ன வெள்ளிக் கிண்ணமும் தட்டும் இருக்கும். நனையாமல் இருக்க எண்ணெய்த்துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். அது அங்கேயே இருந்தது, யாரும் திறக்கவில்லை. கோயில் மணியை அன்றைக்கு அடித்தது யார் தெரியுமா? மாவிளக்கைப் பார்த்துவந்து சொன்ன அந்தச் சபைப் பெரியவர். நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார். பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று.

அம்மாவின் சவப்பெட்டியைக் கோயிலில் வைத்ததும், ஐயர் ஆரம்பிக்கும் முன்னால், அப்பா பலிபீடத்துக்கு முன் போய் மண்டி போட்டார். அம்மாவை எங்கே மண்டி போடச் சொன்னார்களோ அங்கே.

"நேந்துகிட்டது நான். காசு முடிஞ்சது நான். ஒருத்தனப் பறிகொடுத்துட்டு இன்னொன்னும் போயிடுமோன்னு பயத்துல பண்ணினேன். அவ என் பேரக் காப்பாத்தப் பொய் சொன்னா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

எனக்கு அப்போதுதான் மாடமும், மஞ்சள் முடிச்சும், ஆமென் இல்லாத ஜெபமும் திரும்பி வந்தன. கனவு இல்லை. வழியில் அப்பா ஐயரிடம்கூட இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். ஐயர், "இத முன்னாடியே..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டார். கேட்கவேண்டியவளுக்குத்தான் கேட்கவில்லை. வெள்ளைச் சேலையோடு அவளை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

வேலை போனது, வீடும் போனது. ஜெயங்கொண்டத்தில் முந்திரி மண்டியில் எடை போடுகிற வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. என் கற்களெல்லாம் அந்த ஓட்டுவீட்டிலேயே கிடந்துபோயின. ஜெயங்கொண்டத்திலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார், வாசலை ஒட்டின கடைசிப் பெஞ்சு. சாகிறவரைக்கும் ராப்போஜனத்துக்கு எழுந்ததில்லை. எனக்கும் ராப்போஜனம் வாங்குகிற வயது வந்தது, போதகர்கள் எத்தனையோ பேர் கேட்டார்கள். அம்மாவை எழுந்து வரவிடாத இடத்துக்கு நான் மட்டும் எழுந்து போவதா? அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

யாரைக் குற்றம் சொல்ல? நானும் டீச்சராக இருந்து எத்தனையோ பிள்ளைகளை விசாரித்திருக்கிறேன். ஐயர் கெட்டவர் இல்லை. கேள்வியை அம்மாவிடம் கேட்டார், பக்கத்தில் குடையோடு நின்றவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவும் கெட்டவர் இல்லை. பெற்ற பிள்ளைக்காகத்தான் பயந்தார். இப்படிக் கெட்டவர் யாருமே இல்லாமல் என் அம்மா மட்டும் பட்டினியாகப் போய்விட்டாள்.

இதெல்லாம்தான் அந்த ரப்பர் பூட்ஸ் பெண் முன்னால் நின்றபோது எனக்குள் கொதித்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, பேர் வேணாம்னு சொல்றாங்கல்ல?"

"இல்ல. வாங்கிக்கிட்டே ஆகணும்னு சொல்லு. எங்க ஊர் வழக்கம்னு சொல்லு."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். சைக்கிள் பம்பைக் கீழே வைத்தாள். நேராக நின்றுகொண்டு, சரி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள்.

நான் சால்வையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு அம்மாவின் பேரைச் சொன்னேன்.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அம்மா, அது அம்மாயி பேரும்மா!"

"தெரியும்டி. நீ சும்மா இரு."

அந்தப் பெண்ணுக்குப் பேர் வாயில் நுழையவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

மறுநாள் கோயில் வாசலில் ஷூவைக் கழற்றிவைத்துவிட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள், அங்கே யாரும் கழற்றுவதில்லையாம். காலுறைக்குள் கல்தரை ஐஸாகக் குத்தியது. பாட்டில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை, மெட்டு மட்டும் அப்பா பாடுகிற ஞானப்பாட்டு மெட்டு. நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து பலிபீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். என் கால் எழவில்லை. பழக்கம் அப்படி. பக்கத்தில் இருந்த கிழவி, என் வயதுதான் இருக்கும், எனக்கு முட்டிவலி என்று நினைத்து முழங்கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பெஞ்சில் அவள் கைப்பையும் என் கைப்பையும் காவல் இல்லாமல் கிடந்தன.

அந்தப் பெண் வெள்ளை அங்கியில் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களுக்குச் சொன்ன வாக்கியத்தையே எனக்கும் ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள், நினைவுபடுத்திக்கொண்டாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, என் அம்மாவின் பேரைச் சொன்னாள். ழகரமெல்லாம் உடைந்து, நீட்ட வேண்டியதைக் குறுக்கி, ஆனாலும் அம்மாவின் பேர்தான். பலிபீடத்துக்கு முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி.

அப்பம் உள்ளங்கையில் வந்து விழுந்தது. கனமே இல்லை. நான் அழுதேன், அதை மறைக்க முடியவில்லை, அந்தக் கிழவி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வாயில் வைப்பதற்கு முன்னால், அப்பா சொல்கிற மாதிரியே மெதுவாகச் சொன்னேன்.

"சேத்தாச்சும்மா. போயிட்டு வா."